அம்மாவின் பெயருக்குப் பின்னால் 29 அம்புக்குறிகள்

மதுரை விமான நிலையத்தில் வழியனுப்ப வருகிறவர்கள் உடனே வீட்டுக்குப் போவதில்லை. பயணம் போகிறவர் வாசல் காவலரிடம் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி, உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மறைந்த பிறகும் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். ‘போர்டிங் பாஸ் வாங்கியாச்சு’ என்று ஒரு போன் வர வேண்டும். அது வந்தால்தான் பாட்டிகள் கண்ணைத் துடைப்பார்கள், டிரைவர் சாவியைத் திருப்புவார். 2022 நவம்பர் 23, புதன்கிழமை நானும் அந்தப் போனுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன். போன் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, உள்ளே போன அதே வாசல் வழியாக, இரண்டு பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அம்மாவே வந்தாள்.

இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில், டீக்கடையில், அலுவலகத்தில். நான் நன்றாகவே சொல்லுவேன். சொல்லும்போதெல்லாம் வில்லன் வேறு வேறு ஆளாக இருப்பான்: ஒரு நாள் விமான நிறுவனம், ஒரு நாள் டிக்கெட் போட்ட ஏஜென்ட், ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாக விதியை மாற்றிய ஒரு நாடு. கேட்கிறவர்கள் ‘அநியாயம்’ என்பார்கள். கதையில் ஒரு துண்டை மட்டும் நான் சொல்லுவதில்லை. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தங்கச்சிக்கு இரண்டாவது பிரசவம். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. டாக்டர் டிசம்பர் இரண்டாவது வாரம் என்று தேதி சொல்லியிருந்தார். முதல் பிரசவம் சோழவந்தானில் எங்கள் வீட்டில் நடந்தது. இந்தத் தடவை அவள் வர முடியாது, அம்மாதான் போக வேண்டும் என்று முடிவானது. அம்மாவுக்கு அப்போது 62 வயது. அதுவரை அவள் போன அதிகபட்ச தூரம் ராமேஸ்வரம். அறுபது நாள் விசிட் விசா எடுத்தோம். மதுரையில் இருந்தே துபாய்க்கு நேரடி விமானம் உண்டு என்பதால் சென்னை போய் அலையும் வேலையும் இல்லை. ஏறினால் நாலு மணி நேரம், இறங்கினால் மகள்.

பெட்டி கட்டியது நான். அதில் எனக்கு ஒரு பெருமை. துபாய்க்கு என்னென்ன கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வாரமாகத் தேடித் தேடிப் படித்திருந்தேன். கசகசா கூடாது. நம் ஊரில் குருமாவுக்கு அரைத்து ஊற்றும் சாமான், அங்கே போதைப்பொருள் கணக்கில் வரும். அம்மா பிரசவத்துக்கு என்று அரைத்து வைத்திருந்த மசாலாப் பொடியில் கசகசா போட்டாளா இல்லையா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவளுக்கே சந்தேகம் வந்து, அந்தப் பொடியை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, என் கண் முன்னால் புதிதாக ஒன்று வறுத்து அரைத்தாள். அப்புறம் வெற்றிலை. அதுவும் கூடாது. வெற்றிலைக்கே பேர்போன ஊர், அந்தச் சோழவந்தான்காரியிடம் போய் வெற்றிலை கொண்டுபோகக் கூடாது என்று சொல்வது எப்படி இருக்கும்? கொடிக்காலில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அய்யா, என் தாத்தா, கொடிக்கால் குத்தகைக்கு எடுத்து வெற்றிலை பயிர் வைத்தவர். அறுபது நாள் வெற்றிலை இல்லாமல் எப்படிடா என்றாள். பல்லுக்கு நல்லது என்றேன். இருக்கிற பல்லை எண்ணிச் சொல்லட்டுமா என்றாள்.

அது போகப் பெட்டிக்குள் இருந்தவை: சுக்கு, திப்பிலி, பூண்டு லேகியம் ஒரு சில்வர் தூக்கில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி. குழந்தை கையில் கட்ட வசம்பு. முக்கியமாக ஒரு பழைய சுங்குடிச் சேலை. துவைத்துத் துவைத்துப் புள்ளி எல்லாம் மங்கி, தொட்டால் காதுமடல் மாதிரி இருக்கும். நானும் தங்கச்சியும் தூளியில் கிடந்தது அதில்தான். துபாயில் ஃபிளாட்டில் எங்கே தூளி கட்டுவது என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை ஸ்டாண்டு வாங்கி வைத்திருக்கிறார், சேலைதான் வேண்டும் என்றாள்.

காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பி, மேலக்கால் ரோடு பிடித்து, கோச்சடை வந்து, பழங்காநத்தம், அவனியாபுரம் தாண்டிப் பெருங்குடி, விமான நிலையம். மூன்று மணி நேரம் முன்னால் போய்விட்டோம். நேரத்தில் குறை வைக்கவில்லை, எடையில் குறை வைக்கவில்லை, கசகசாவில் குறை வைக்கவில்லை.

வாசலில் நடந்தது

அம்மாவுக்குப் பின்னாலேயே விமான நிறுவனத்துப் பெண் ஒருத்தி வந்தாள். கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் ஒரு பிரிண்ட் அவுட். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். வாசல் காவலர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க, அந்தத் தடுப்புக்கு மேலேயே பேசினோம்.

“சார், அம்மா பாஸ்போர்ட்ல ஒரு பேர்தான் இருக்கு. சர்நேம் காலியா இருக்கு. ஒரே பேர் மட்டும் இருக்கறவங்களை விசிட் விசால ஏத்தக் கூடாதுன்னு முந்தாநாள் ஆர்டர் வந்திருக்கு.”

“விசாவே கொடுத்திருக்காங்களே?”

“தெரியும் சார். விசா ஆர்டருக்கு முன்னாடி கொடுத்தது. இப்ப நாங்க ஏத்தி அனுப்பினா அங்க இறக்க மாட்டாங்க. அதே ஃபிளைட்ல திருப்பி அனுப்பிடுவாங்க.”

அவள் சொன்னது முழுக்க உண்மை. 2022 நவம்பர் 21, திங்கட்கிழமை ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்து விமான நிறுவனங்களுக்கு அந்த உத்தரவு வந்திருந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், இடுபெயர் என்ற இரண்டு கட்டங்களில் ஒன்று காலியாக இருந்தால் சுற்றுலா விசா, விசிட் விசா எதிலும் அனுமதி கிடையாது. அன்றே அமல். அனுமதி மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு ஏற்றி வந்த விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதனால் துபாய் எல்லையில் நடக்க வேண்டிய சோதனை பெருங்குடியில், மதுரைக்காரப் பெண் ஒருத்தியின் கையால் நடக்கிறது. இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு நான் கத்தினேன். டிக்கெட் விலையைச் சொன்னேன், பிரசவம் என்றேன், மேனேஜரைக் கூப்பிடு என்றேன். மேனேஜர் வந்து அதே பிரிண்ட் அவுட்டை இன்னொரு தடவை காட்டினார்.

அந்தப் பெண் கடைசியாக ஒன்று கேட்டாள். “சர்நேம்ல ஏதாவது ஒண்ணு இருந்தாக்கூட அனுப்பிடுவோம் சார். ஏன் சார் காலியா விட்டீங்க?”

அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

அம்மா அதுவரை ஒன்றும் பேசாமல் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “என்னடா சொல்றாய்ங்க? என் பேருல என்ன கோளாறாம்?” என்றாள். பேர் பத்தலையாம் என்றேன். “பத்தலைன்னா?” என்றாள்.

அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதே விமானத்துக்கு வந்து சேர்ந்தான். தேனூர்ப் பக்கம். துபாயில் ஏசி மெக்கானிக். அவன் பாஸ்போர்ட்டிலும் ஒரே பெயர்தான், இனிஷியல்கூட இல்லை. ஆனால் அவனிடம் இருப்பது வேலை விசா. அங்கே குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்கு, அதே பெயரை இரண்டு கட்டத்திலும் பதிந்திருந்தால் போதும் என்று விலக்கு இருந்தது. ஏசி ரிப்பேர் பார்க்கப் போகிறவனுக்கு ஒரு பெயர் போதும், பேரனைத் தூக்கப் போகிறவளுக்கு இரண்டு வேண்டும். அடுத்தவர் சாமானை வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்று எல்லா விமான நிலையத்திலும் எழுதிப் போட்டிருப்பார்கள். இருந்தாலும் அம்மா பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, சுங்குடிச் சேலையை எடுத்து, அவன் முன்னாலேயே உதறிக் காட்டிவிட்டு மடித்துக் கொடுத்தாள். “இது மட்டும் போகட்டும் தம்பி” என்றாள். அவன் தோள்பையில் வைத்துக்கொண்டான். அந்தப் பயணத்தில் துபாய் போய்ச் சேர்ந்தது அந்தச் சேலை ஒன்றுதான்.

திரும்பும்போது காரில் நான் அம்மாவின் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, எந்திரம் படிப்பதற்காக, அதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வரியிலும் 44 இடம். முதல் வரியில் ஐந்து இடம் பாஸ்போர்ட் என்பதற்கும் இந்தியாவுக்கும் போய்விடும், மீதி 39 பெயருக்கு. பெயர் முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற இடத்தை இடது பக்கம் பார்க்கும் அம்புக்குறியால் நிரப்பிவிடுவார்கள். பாண்டியம்மாள் என்று ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து. அதற்குப் பிறகு எல்லாமே அம்புக்குறிதான். அவனியாபுரத்தில் இருந்து எண்ண ஆரம்பித்தேன். கார் குலுங்கியதில் கணக்குத் தவறித் தவறி, பைபாஸ் வந்தபோது முடிந்தது. இருபத்தொன்பது. ஈர மணலில் காக்கை நடந்து போன தடம் மாதிரி வரிசையாக, பக்கத்தின் ஓரம் வரை.

தலைப்பெழுத்தும் தலையெழுத்தும்

இனிஷியலைத் தமிழில் தலைப்பெழுத்து என்கிறோம். நடுவில் கொஞ்சம் குறைந்தால் அது தலையெழுத்து. அம்மாவின் விஷயத்தில் இரண்டும் ஒன்றாகப் போயிற்று.

அம்மாவுக்கு இனிஷியல் இல்லாமல் இல்லை. கல்யாணம் வரைக்கும் க. பாண்டியம்மாள், தாத்தா பெயர் கருப்பையா. கல்யாணத்துக்கு அப்புறம் சி. பாண்டியம்மாள், அப்பா பெயர் சின்னச்சாமி. வாக்காளர் பட்டியலில் இனிஷியலே இல்லை, கீழே கணவர் பெயர் என்று தனி வரி. பத்திரத்தில் ‘க/பெ சின்னச்சாமி’. வங்கிப் புத்தகத்தில் சி. முன்னால் வரும், எரிவாயு ரசீதில் பின்னால் வரும். நாற்பது வருடமாக இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. நம் ஊரில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்க இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்ன ஊர் என்றால் போதும். பெயர் என்பது ஓர் ஆளுக்கு, மற்றதெல்லாம் அடையாளம். பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கணக்குப் புரியாது. அதில் இனிஷியலுக்கு இடமே கிடையாது, விரித்து எழுத வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

விட்டுவிடச் சொன்னது நான்தான். கதை சொல்லும்போது நான் விழுங்கும் துண்டு இதுதான்.

2015இல் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது விண்ணப்பத்தை நிரப்பியது நான். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டேன். சேவை மையத்தில் கணினிக்கு முன்னால் இருந்த ஓர் அம்மையார், அப்பா பெயரோ கணவர் பெயரோ போட்டுவிடுங்களேன், பின்னாடி சிரமமா இருக்கும் என்றார். நல்ல மனசோடு சொன்னார். நான் அவருக்கு ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டேன். சர்நேம் என்பது வடக்கே சாதிக்குக் கட்டின கட்டம், எங்களுக்கு அது கிடையாது, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டிலேயே பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டோம் என்றேன். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த சௌந்தரபாண்டியன் நம்ம பக்கத்துக்காரர், வத்தலக்குண்டு தாண்டிப் பட்டிவீரன்பட்டி, சென்னையில் பாண்டி பஜார் என்கிறார்களே, அது அவர் பெயர்தான் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த அம்மையார் “சரி சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பொத்தானை அழுத்தினார்.

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நான் கேட்கவில்லை.

சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். தாத்தாவின் பழைய குத்தகைச் சீட்டைப் பார்த்திருக்கிறேன்; பெயருக்குப் பின்னால் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உதறிவிட்டு வந்த தலைமுறைக்குப் பிள்ளையாகப் பிறந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் அப்பா பெயரை எழுதினால் அது சாதி ஆகிவிடாதே. அன்றைக்கு அந்தக் கட்டத்தில் கருப்பையா என்றோ சின்னச்சாமி என்றோ எழுதியிருந்தால் செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு ஒரு பங்கமும் வந்திருக்காது. வெறும் கட்டமாக விட்டால்தான் அது ஓர் அறிக்கை மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் கொள்கையை அம்மாவின் பாஸ்போர்ட்டில் எழுதிப் பார்த்தேன். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கிறது. கல்லூரி முடித்ததும் வேலைக்காக எடுத்தது, அப்போது எனக்குக் கொள்கை எல்லாம் இல்லை.

எச்சரிக்கை வராமலும் இல்லை. அமெரிக்கா போன நண்பனுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அடித்துக் கொடுத்தார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அவனை அங்கே வங்கியில் ‘மிஸ்டர் எஃப்னு’ என்று கூப்பிட்டதாகச் சொல்லிச் சிரித்தான், நானும் சிரித்தேன். அம்மாவின் டிக்கெட்டே ‘பாண்டியம்மாள் பாண்டியம்மாள்’ என்றுதான் வந்தது. இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் இணையதளம் நகராது, அதனால் ஏஜென்ட் அதே பெயரைத் திருப்பிப் போட்டிருந்தார். ‘அம்மா, நீயே உனக்கு அப்பா’ என்று கேலி செய்தேன். கேலி செய்ய முடிந்தவனுக்கு யோசிக்க முடியவில்லை.

காசுக் கணக்கு

டிக்கெட் போக வர 27,400 ரூபாய். சலுகை விலை, திருப்பித் தர மாட்டார்கள். போகும்போது ஏறவில்லை என்றால் வரும்போது உள்ள இருக்கையும் தானாக ரத்து. விசாவுக்கு ஏஜென்ட் வாங்கியது 9,500. பாஸ்போர்ட் மாறினால் எண் மாறும், எண் மாறினால் பழைய விசா வெறும் தாள். காருக்கு 1,800, அது இரண்டு தடவை.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நான் சண்டை போட்டு வாங்கினேன், வேறு யாருக்காவது உதவட்டும். டிக்கெட் ‘திருப்பித் தர இயலாதது’ என்று போட்டிருந்தாலும் அதில் அரசு வரியும் விமான நிலையக் கட்டணங்களும் சேர்ந்திருக்கும். பயணமே செய்யாதபோது அவற்றை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை. ரத்து செய்தாலும், ஏறாமல் விட்டாலும், சலுகை டிக்கெட் ஆனாலும் அந்தப் பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியே இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள். நான் நாலு மின்னஞ்சல் போட்டேன், மூன்றாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த மூன்றாயிரத்தை ஏதோ வழக்கில் ஜெயித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சில நாளில் அமீரகத்தில் இருந்து ஒரு விளக்கமும் வந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால், இறங்கியதும் விசா வாங்கும் தகுதி உள்ளவர்களை அனுமதிக்கலாம் என்று. செய்தியின் முதல் பாதியைப் படித்துவிட்டுத் துள்ளினேன். அம்மாவுக்கு அந்தத் தகுதி கிடையாது என்பது இரண்டாவது பாதி.

இனி பாஸ்போர்ட்டையே மாற்றுவது என்று முடிவாயிற்று. டிக்கெட் ஏஜென்ட் போனில் ஒரு யோசனை சொன்னார். “அண்ணே, எதுக்கு அலையுறீங்க. பேருக்குப் பின்னாடி உங்க பட்டத்தைப் போட்டு விடுங்க. சர்நேம்னா அதானே? வெளிநாட்டுல யாருக்கு என்ன தெரியப் போகுது.” பக்கத்து வீட்டுப் பெரியவரும் அதையே சொன்னார், அவர் கொஞ்சம் ஆசையாகவே சொன்னார். என்னிடம் கேட்டால் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி தினமும் ராத்திரி போன் போட்டு, ஒன்றும் கேட்காமல், ‘அம்மா சாப்பிட்டாங்களா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். எந்தப் பெயரைப் போட்டால் சீக்கிரம் நடக்குமோ அதைப் போட்டுத் தொலைப்போம் என்கிற இடத்துக்கு நான் வந்திருந்தேன். ஏழு வருடம் முன்னால் வரிசையில் நின்றவர் தலையாட்டும்படி பேசிய அதே ஆள்.

இந்தத் தடவை அம்மாவிடம் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். போகாத பயணத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். பேருக்குப் பின்னாடி என்னம்மா போடுறது என்றேன். ஏஜென்ட் சொன்னதையும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அன்னைக்கு அந்த ஆபீஸ்ல அம்புட்டுப் பேசினியே, அதெல்லாம் என்ன ஆச்சு?” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு ஞாபகம் இருக்கா என்றேன்.

“ஏன் இல்லாம? பேசினது நீயி. பெட்டியோட திரும்பி வந்தது நானு.” வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவினாள். “பட்டமெல்லாம் வேணாம். எங்க அய்யா பேரைப் போடு.”

அப்பா பேரைப் போடலாமே, எல்லா ஆவணத்திலும் அதுதானே இருக்கிறது, வேலை சுலபம் என்றேன்.

“அதான் எல்லாத்துலயும் இருக்குல்ல. இதுல எங்க அய்யா இருக்கட்டும்.”

அவ்வளவுதான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவளிடம் பேச்சு வாங்க முடியாது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டில் இரண்டு பெயர் இருந்தது, அவர்தான் பிரசவத்துக்குப் போனார். ஆதாரில் திருத்த அப்போது 50 ரூபாய், பாஸ்போர்ட் மறுபடி எடுக்க 1,500 ரூபாய். பிழைக்குத்தான் விலை அதிகம், திருத்தம் மலிவு. ஆனால் ஆதார் வந்த பிறகுதான் பாஸ்போர்ட், அதற்கு நாள் கிடைத்த பிறகு பாரதி உலா ரோட்டில் பாஸ்போர்ட் அலுவலகம், அதற்கப்புறம் போலீஸ் விசாரணை. வீட்டுக்கு வந்த காவலர், ‘கருப்பையாங்கறது யாரு?’ என்று கேட்டார். அம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். அவர் படத்தையும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். இதற்கிடையில் டிசம்பர் 11ஆம் தேதி பேரன் பிறந்துவிட்டான். வீடியோவில் பார்த்தோம். பின்னால் ஸ்டாண்டில் சுங்குடிச் சேலை தொங்கியது. அம்மா குழந்தையைப் பார்த்ததைவிட முடிச்சைத்தான் அதிகம் பார்த்தாள். முடிச்சு சரியில்லை, அவிழ்த்துக் கட்டச் சொல்லு என்றாள்.

புதுப் பாஸ்போர்ட் தபாலில் வந்ததும் முதலில் அந்த அடி வரியைத்தான் பார்த்தேன். எந்திரம் படிக்கும் வரியில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். முதலில் கருப்பையா, அப்புறம் இரண்டு அம்புக்குறி, அப்புறம் பாண்டியம்மாள். அதற்குப் பின்னால் மிச்சம் 18. திருவிழாக் கூட்டத்தில் அய்யா முன்னால் நடக்க, இரண்டு எட்டு பின்னால் மகள் போகிற மாதிரி எனக்குத் தோன்றியது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, படம் கறுப்பாக விழுந்திருக்கிறது என்றாள்.

ஜனவரி மூன்றாவது வாரம், மறுபடி மேலக்கால் ரோடு, கோச்சடை, பழங்காநத்தம், பெருங்குடி. அதே பெட்டி, புது லேகியம். அதே வாசல். இந்தத் தடவை அரைமணி நேரத்தில் போன் வந்துவிட்டது, போர்டிங் பாஸ் வாங்கியாச்சு என்று. ஆனாலும் நான் கிளம்பவில்லை. விமானம் மேலே ஏறிப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். அது அரைமணி நேரம் தாமதமாகத்தான் ஏறியது. ஏன் என்று ராத்திரி துபாயில் இருந்து அம்மா பேசும்போது தெரிந்தது.

“மைக்குல கருப்பையா, கருப்பையான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாய்ங்கடா. எல்லாரும் ஏறிப் போயிட்டாய்ங்க. நான் எந்திரிக்கவே இல்ல. எங்க அய்யா செத்து முப்பது வருசமாச்சே, வேற யாரோ அதே பேருக்காரர் போல, பாவம், அவரைக் காணோமாட்டுக்குன்னு நானும் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”